எது முதலில் உடைய வேண்டும்? வீட்டு ஷெட்டில் கட்டும் ‘ஒரு டன்’ ஜீப்

1997 முதல் 2006 வரை வந்த ஜீப் ராங்ளர் டி.ஜே. மாடலில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் டேனா கம்பெனியின் ‘டேனா 35’ ஆக்ஸில், முன்னால் டேனா 30. ஒன்றரை டன் எடையையும் 29, 30 அங்குல டயரையும் மனதில் வைத்துச் செய்த ஆக்ஸில்கள் அவை. அந்த வேலைக்குக் குறை சொல்ல முடியாது. அதே வண்டியில் 40 அங்குல டயர் மாட்டி, கலிஃபோர்னியாவின் ஜான்சன் வேலிப் பாறைகளில் ஏற்றினால் பின் ஆக்ஸில் தண்டு முறியும். டேனா 35-இல் தண்டை உள்ளே பிடித்து வைத்திருப்பது ஒரு சிறிய ‘சி’ கிளிப் மட்டும்தான். தண்டு முறிந்தால் சக்கரமும் கையோடு கழன்று வெளியே வந்துவிடும்.

இதற்கு அமெரிக்க வீட்டுப் பட்டறைக்காரர்கள் கண்ட மருந்துதான் ‘ஒன் டன் ஸ்வாப்’. அந்த ஊரில் பிக்கப் லாரிகளைப் பாரம் தாங்கும் அளவை வைத்து அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்று பிரித்துச் சொல்வது பழைய வழக்கம். ஃபோர்டு எஃப்-350, செவ்ரலே கே-30, டாட்ஜ் டபிள்யூ-350 எல்லாம் ஒரு டன் வகை. அவற்றின் ஆக்ஸில்களைக் கழற்றி ஜீப்புக்கு அடியில் வைப்பதுதான் வேலை. கேட்க எளிது. ஆனால் ஆக்ஸிலை மாற்றிய கையோடு கியர் விகிதம், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், வீல் என்று ஒவ்வொன்றும் வரிசையில் வந்து நிற்கும். பாதியில் நிற்கும் ஜீப்புகள் பெரும்பாலும் இந்த வரிசையைக் கணக்கில் எடுக்காமல் தொடங்கியவை.

இன்னொரு தவறும் உண்டு. ‘உடையாத வண்டி’ கட்டுகிறோம் என்று நினைத்துத் தொடங்குவது. பாறை ஏறும் வண்டியில் ஏதாவது ஒன்று உடைந்தே தீரும். அது எந்தப் பாகமாக இருக்கட்டும் என்பதைத்தான் கட்டுபவர் தீர்மானிக்கிறார்.

தண்டுக்கு எவ்வளவு பாரம்?

டி.ஜே.யின் 4 லிட்டர் எஞ்சின் தரும் முறுக்கு சுமார் 310 நியூட்டன் மீட்டர். ஏ.எக்ஸ்.15 கியர்பாக்ஸின் முதல் கியர் 3.83. முறுக்கை முன் பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்து அனுப்பும் என்.பி.231 டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ 2.72. கம்பெனி ஆக்ஸில் விகிதம் 3.07 என்றால் மூன்றையும் பெருக்கி 32 வரும். 40 அங்குல டயருக்காக 5.38 போட்டால் அதுவே 56 ஆகும். 310-ஐ 56-ஆல் பெருக்கினால் 17,000 நியூட்டன் மீட்டருக்கு மேல். எஞ்சினைத் தொடவே இல்லை. தண்டுகளுக்கு வரும் முறுக்கு மட்டும் முக்கால் பங்கு கூடிவிட்டது.

சாதாரணமாக இந்த முழு முறுக்கும் தண்டுக்கு வராது. அதற்கு முன்பே டயர் வழுக்கிவிடும். ஒரு சக்கரத்தின் மேல் 375 கிலோ, டயரின் ஆரம் 36 செ.மீ., பாறையில் பிடிப்பு முழுமையாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் சுமார் 1,300 நியூட்டன் மீட்டரில் டயர் சுழல ஆரம்பிக்கும். டயர்தான் அங்கே ஃபியூஸ். இப்போது வண்டி 2,200 கிலோ ஆகிவிட்டது, செங்குத்தாக ஏறுகிறது, ஒரு பின் சக்கரத்தில் 1,000 கிலோ உட்கார்ந்திருக்கிறது, காற்று இறக்கிய 40 அங்குல டயரின் ஆரம் 48 செ.மீ. கணக்கு 4,700 நியூட்டன் மீட்டருக்குப் போகிறது. மூன்றரை மடங்கு. டயர் இரண்டு பாறைகளுக்கு நடுவில் சிக்கிவிட்டால் வழுக்குவதற்கே இடமில்லை. முறுக்கை இரு சக்கரங்களுக்கும் பிரிக்கும் டிஃபரென்ஷியலில், அவற்றை ஒன்றாகப் பூட்டும் லாக்கரும் இருந்தால் வருகிற முறுக்கு மொத்தமும் அந்த ஒற்றைத் தண்டில்தான்.

தண்டின் முறுக்கு வலிமை அதன் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். டேனா 35 தண்டில் 27 ஸ்ப்ளைன் (தண்டு முனையில் நீளவாக்கில் வெட்டிய பற்கள்), விட்டம் சுமார் 30 மி.மீ. டேனா 60-இன் உள்தண்டில் 35 ஸ்ப்ளைன், 38 மி.மீ. பார்வைக்கு 8 மி.மீ. வித்தியாசம்தான், ஒரே எஃகில் செய்தால் வலிமை இரண்டு மடங்கு.

எந்த ஆக்ஸில், எந்த லாரி?

முன்பக்கத்துக்கு டேனா 60-ஐ விட்டால் வீட்டுப் பட்டறைக்குக் கட்டுப்படியாகும் வேறு ஆக்ஸில் குறைவு. டிஃபரென்ஷியலைச் சுற்றும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் விட்டம் 9¾ அங்குலம். பழைய மாடல்களில், சக்கரத்தோடு திரும்பும் நக்கிளைத் தாங்குவது பால் ஜாயிண்ட் அல்ல, கிங்பின் என்ற தடித்த முளை. ஃபோர்டில் 1990-களின் தொடக்கம் வரை கிங்பின் இருந்தது. செவ்ரலே கே-30-இல் 1991 வரை. அடியில் ஒரு டேப்பர் பேரிங், மேலே ஒரு ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் புஷ். அந்தப் புஷ் தேய்ந்தால் ஸ்டீயரிங் நடுங்கும். மாற்ற ஆகும் செலவு சொற்பம்.

வாங்கப் போகுமுன் ஜீப்புக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டியது ஒன்று: டிரான்ஸ்ஃபர் கேஸின் முன் ஷாஃப்ட் எந்தப் பக்கம் வெளியே வருகிறது? டி.ஜே.யில் இடப்பக்கம், அதாவது அமெரிக்க டிரைவர் பக்கம். ஃபோர்டு, டாட்ஜ் டேனா 60-களில் டிஃபரென்ஷியலும் இடப்பக்கம்தான், பொருந்தும். செவ்ரலேவில் வலப்பக்கம். விலை மலிவு என்று செவ்ரலே ஆக்ஸிலைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அடுத்து டிரான்ஸ்ஃபர் கேஸையும் மாற்ற வேண்டியிருக்கும்.

ஃபோர்டு முன் ஆக்ஸிலுக்கு இன்னொரு மேன்மை: அது ஹை பினியன் வகை. கிரவுன் வீலைச் சுற்றும் சிறு பல்சக்கரமான பினியன் அதன் நடுக்கோட்டுக்கு மேலே இருப்பதால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் பாறையிலிருந்து உயரும். முன்னோக்கிப் போகும்போது பல்லின் வலுவான பக்கத்தில் பாரம் விழும். செவ்ரலேவின் லோ பினியனை முன்னால் வைத்தால் பல்லின் பின்பக்கம், வலுக் குறைந்த பக்கம், வேலை செய்யும். ஹை பினியனுக்கான கிரவுன்–பினியன் செட் எதிர்த்திசையில் வெட்டியது. லோ பினியன் செட் அதில் உட்காராது. ஆர்டர் கொடுக்கும்போது இதைக் கவனிக்காமல் பணம் இழப்பவர்கள் இன்றும் உண்டு.

பின்பக்கத்துக்குப் பல்லாண்டு காலமாக ராஜா ஜெனரல் மோட்டார்ஸின் 14 போல்ட். கவரில் 14 போல்ட் இருப்பதால் அந்தப் பெயர். கிரவுன் வீல் 10½ அங்குலம். பினியனின் மூக்கு நுனியையும் ஒரு தனி பேரிங் தாங்குவதால் பாரம் வரும்போது பினியன் கிரவுன் வீலை விட்டு விலகிப்போகாது. இதன் பல் சாமானியத்தில் போகாததற்கு அதுவே காரணம். டிரம் பிரேக்கோடு சுமார் 250 கிலோ. டிஃபரென்ஷியல் குடம் தாழ்ந்து தொங்கும், பாறையில் உழும். அதற்காகவே அடிப்பாகத்தைச் செதுக்கி எடுத்துத் தடித்த தகடு வைத்து வெல்டு செய்வார்கள்.

14 போல்ட், டேனா 60 இரண்டிலும் சக்கர ஹப் தனி ஸ்பிண்டிலில் இரண்டு பேரிங்கோடு உட்கார்ந்திருக்கும். வண்டியின் எடை தண்டின் மேல் விழாது. தண்டு முறுக்கை மட்டும் கடத்தும். பின் தண்டு முறிந்தால் ஹப்பின் 8 போல்ட்டைக் கழற்றி உருவ வேண்டியதுதான், ஜாக்கிகூடத் தேவையில்லை. டேனா 35-இன் ‘சி’ கிளிப்பிலிருந்து வந்தவர்களுக்கு இந்த ஒன்றே போதும்.

முதல் முறை கட்டுபவர் கிங்பின் ஆக்ஸிலைத் தேடி அலைய வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அவற்றின் விலை ஏறிவிட்டது. கிடைப்பதும் தேய்ந்து போனவை. 2005-க்குப் பிந்தைய ஃபோர்டு சூப்பர் டியூட்டி ஒன்றின் முன் பின் ஆக்ஸில்களை ஜோடியாக வாங்குவது உத்தமம். முன்னால் ஹை பினியன் டேனா 60, பின்னால் 35 ஸ்ப்ளைன் ஸ்டெர்லிங் 10.5. நான்கிலும் டிஸ்க் பிரேக், நான்கிலும் 8 போல்ட் 170 மி.மீ. வட்டம். பழைய ஒரு டன் ஆக்ஸில்களின் வட்டம் 165.1 மி.மீ.; இரண்டையும் கலந்தால் ஸ்டெப்னிகூட முன்னுக்கும் பின்னுக்கும் வேறாகிவிடும். சூப்பர் டியூட்டி பிரேக்குக்கு 17 அங்குலத்துக்குக் குறைந்த ரிம் ஏறாது. முன் ஆக்ஸிலில் ரேடியஸ் ஆர்ம் பிடிக்கும் கொம்புகள் வார்ப்போடு சேர்ந்தே வருவதால் அவற்றை அறுத்து எடுப்பது ஒரு நாள் வேலை. 1999 முதல் 2004 வரை வந்த எஃப்-250-களில் எச்சரிக்கை தேவை. வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் பலவற்றில் இருப்பது 9 அங்குல கிரவுன் வீல் கொண்ட டேனா 50. கண்ணை நம்பாமல், ஹவுசிங் குழாயில் பொறித்திருக்கும் எண்ணைத் துடைத்துப் படித்துச் சரிபார்க்க வேண்டும்.

அகலத்தையும் யோசிக்க வேண்டும். டி.ஜே.யின் ஆக்ஸில் ஒரு ஹப் முகத்திலிருந்து மறு ஹப் முகம் வரை சுமார் 60½ அங்குலம். கிங்பின் ஃபோர்டு டேனா 60 சுமார் 69. பக்கத்துக்கு 4 அங்குலம் வெளியே நீளும். குழாயை வெட்டிக் குறைத்தால் தண்டையும் தனியாகச் செய்ய வேண்டும். வழியில் உடைந்தால் கடையில் கிடைக்காது. கவிழாமல் நிற்க அந்த அகலம் உதவவும் செய்வதால் பெரும்பாலோர் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

கிரவுன்–பினியன்: பொறுமைக்கு வேலை

டயர் 30-லிருந்து 40 அங்குலமானால், 3.73-ஓடு ஓடிய வண்டிக்குப் பழைய இழுவை திரும்ப 3.73 × 40 ÷ 30, அதாவது 4.97 தேவை. எடையும் கூடியிருப்பதால் 5.13 அல்லது 5.38 போடுவார்கள். முன்னும் பின்னும் ஒரே விகிதமாக இருப்பது கட்டாயம். கிரவுன் வீலைத் தாங்கும் கேரியர் டேனா 60-இல் 4.10 வரை ஒன்று, 4.56 முதல் வேறு. லாக்கர் வாங்கும்போது இதைப் பார்த்து வாங்காவிட்டால் கிரவுன் வீல் பினியனை எட்டாது.

பொருத்தும் வேலையில் நேரத்தைத் தின்பது ஷிம் என்ற மெல்லிய வளையத் தகடு. டேனா 60-இல் பினியனின் உள் பேரிங் கப்புக்குப் பின்னால் வைக்கும் ஷிம்தான் பினியன் எவ்வளவு உள்ளே போகும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஒரே தடவையில் சரியாக அமைவது அபூர்வம். நான்கைந்து தடவை கழற்றி மாட்ட வேண்டும். கேரியரின் ஷிம்களோ அதன் பேரிங்குகளுக்கு உள்ளே இருக்கின்றன, ஒவ்வொரு தடவையும் பேரிங்கைப் புல்லர் வைத்து இழுத்தால் அது நசுங்கிவிடும். இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. கழற்றிய பழைய பேரிங்கைத் தூக்கி எறியாமல், அதன் உள்வட்டத்தை உப்புத்தாளால் தேய்த்து, கையாலேயே வழுக்கி ஏறும் அளவுக்கு ஆக்கிக்கொள்வது. அளவெல்லாம் அதை வைத்துப் பார்த்து முடித்த பிறகு, அதே ஷிம்களோடு புது பேரிங்கை பிரஸ்ஸில் ஏற்றலாம்.

பல்லில் மஞ்சள் மார்க்கிங் பேஸ்டை மெல்லத் தடவி, கிரவுன் வீலை ஒரு கையால் தடுத்துக்கொண்டே பினியனைச் சுற்றினால் தடம் விழும். பல்லின் உயரத்தில் நடுவாக விழ வேண்டும். பல்லின் தலைப்பக்கம் விழுந்தால் பினியன் தூரத்தில் இருக்கிறது; ஷிம்மைக் கூட்ட வேண்டும். அடிவேரில் விழுந்தால் பினியன் நெருங்கிவிட்டது; குறைக்க வேண்டும். தடம் பல்லின் நீளத்தில் இங்கும் அங்கும் நகர்வது பெரும்பாலும் பேக்லாஷின், அதாவது பற்களுக்கு இடையே விடும் இடைவெளியின், வேலை. டயல் கேஜில் பேக்லாஷ் அங்குலத்தில் ஆயிரத்தில் 6 முதல் 9 வரை, அதாவது 0.15 முதல் 0.23 மி.மீ. வரை, இருக்கலாம். ஒரே இடத்தில் அளந்து நிறுத்தாமல் சுற்றி மூன்று இடத்திலாவது அளக்க வேண்டும். இடத்துக்கு இடம் பெரிதாக மாறினால் கிரவுன் வீலுக்கும் கேரியருக்கும் நடுவில் ஏதோ பிசிறு மாட்டியிருக்கிறது.

கேரியர் பேரிங்குகள் இறுக்கமாக உட்கார டேனா 60 ஹவுசிங்கைச் சற்று விரிக்க வேண்டும். அதற்கு ஸ்பிரெடர் என்று ஒரு கருவி உண்டு. அரை மி.மீ.க்கு மேல் விரித்தால் வார்ப்பு பழைய நிலைக்குத் திரும்பாது. 14 போல்ட்டில் இந்தத் தொல்லை இல்லை. பக்கத்து மரைத் திருகிகளைத் திருப்பியே பேக்லாஷ் வைத்துவிடலாம்.

பணத்தை மிச்சம் பிடிக்கிறவர்கள் பின் டிஃபரென்ஷியலின் உள்கியர்களை ஒன்றோடொன்று வெல்டு வைத்துவிடுவார்கள். வெல்டிங் மெஷின் கம்பெனியின் பெயரைச் சொல்லி அதற்கு ‘லிங்கன் லாக்கர்’ என்று கேலிப் பெயர். டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகும் பாறை வண்டிக்குப் பின்னால் சரி. தார் ரோட்டில் ஒவ்வொரு வளைவிலும் டயர் கத்தும், தண்டு முறுகும். முன்னால் இதைச் செய்தால் ஸ்டீயரிங் திரும்பாது.

ஹவுசிங்கை வளைக்காமல் வெல்டு வைப்பது

லாரியின் பழைய பிராக்கெட்டுகளைக் கட்டிங் வீலால் அறுக்கும்போது குழாயில் வெட்டு விழக்கூடாது. கடைசி இரண்டு மி.மீ.யை ஃப்ளாப் டிஸ்க்கால் தேய்த்து எடுப்பதே பாதுகாப்பு. பிறகு 6 மி.மீ. தகட்டில் ட்ரஸ், அதாவது குழாயின் மேல் முதுகெலும்பு போல ஓடும் வலுவூட்டல், வைக்கிறார்கள். ஆக்ஸிலை சேஸிஸோடு பிணைக்கும் லிங்க் கம்பிகளின் பிராக்கெட்டுகளும் அதன் மேல்தான் வரும்.

வெல்டிங் சூட்டில் குழாய் வளைவது தொடங்குவது இங்கேதான். ஒரே ஓட்டமாக ஒரு மீட்டர் வெல்டு இழுத்தால் சூடு ஏறிய பக்கம் ஆறும்போது சுருங்கி, முழு ஹவுசிங்கையும் வாழைப்பழம் போல வளைக்கும். 3, 4 செ.மீ. நீளத்துக்கு ஒரு தையல், பிறகு எதிர்ப்பக்கம், பிறகு மறுகோடி. கை வைத்தால் தாங்கும் சூட்டுக்கு ஆறிய பிறகே அடுத்தது. கேரியர் பேரிங் இடத்திலும் குழாயின் இரு முனைகளிலும் உருளைகளை வைத்து நேரான இரும்புக் கம்பி ஒன்றைச் செருகி, அது தடையில்லாமல் சுற்றுகிறதா என்று இடையிடையே பார்க்க வேண்டும். வளைந்த ஹவுசிங் உடனே காட்டிக்கொடுக்காது. சில மாதத்தில் ஒரு பக்க ஆயில் சீல் திரும்பத் திரும்ப ஒழுகும், சைடு கியரின் ஸ்ப்ளைன் ஒரு பக்கமாகத் தேயும். சீலைக் குறை சொல்லி மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

டேனா 60-இன் நடு வார்ப்பு இரும்பு, குழாய் எஃகு. இரண்டும் சேரும் இடத்தைச் சாதாரண மிக் கம்பியால் அப்படியே பற்றவைத்தால் ஆறும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். வெல்டுக்குப் பக்கத்தில் வார்ப்பில் விரிசல் விழுந்துவிட்டது என்று அர்த்தம். வார்ப்பை 200–250 டிகிரிக்குச் சூடாக்கி, நிக்கல் ராடில் 25 மி.மீ. ஓட்டம், ஓட்டம் முடிந்ததும் சிறு சுத்தியால் தட்டி இழுவிசையைத் தளர்த்துதல், கடைசியில் வெப்பப் போர்வை சுற்றி இரவு முழுக்க ஆறவிடுதல். இதில் எதையும் விட முடியாது. வீட்டு 110 வோல்ட் வெல்டிங் மெஷினும் இந்த வேலைக்கு ஆகாது. 6 மி.மீ. தகட்டில் மேலோட்டமாக அழகான வெல்டு விழும், உள்ளே பிடித்திருக்காது.

பினியனும் காஸ்டரும் போடும் சண்டை

லாரியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் எட்ட இருக்கும், தாழவும் இருக்கும். உயர்த்திய குட்டை ஜீப்பில் அது கிட்டத்தில், உயரத்தில். அதனால் முன் ஆக்ஸிலைச் சுழற்றிப் பினியனை மேல் நோக்கித் திருப்ப வேண்டும். பினியனை 7 டிகிரி தூக்கினால் நக்கிளின் மேல்முனை அதே 7 டிகிரி முன்னால் சாய்ந்து, அதன் பின்சாய்வான காஸ்டர் அவ்வளவும் குறைந்துவிடும். காஸ்டர் 5 முதல் 7 டிகிரி இல்லாத வண்டியின் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது. ரோட்டில் இங்கும் அங்கும் அலையும். இரண்டையும் காப்பாற்ற ஒரே வழி, குழாயின் முனையில் நக்கிளைத் தாங்கும் ‘சி’ வார்ப்பின் வெல்டை அறுத்து, சுழற்றி, திரும்ப வெல்டு வைப்பது. பழைய நிலையையும் புது நிலையையும் குழாயில் கோடு கிழித்து வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் ஒரே அளவு சுழன்றதா என்று கோண அளவியில் பார்க்க வேண்டும். ஒரு டிகிரி மாறினாலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

சஸ்பென்ஷனுக்குப் பெரும்பாலோர் பின்னால் நான்கு லிங்க், முன்னால் மூன்று லிங்க்கும், ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் ஒரு பானார்டு ராடும் வைக்கிறார்கள். ஆக்ஸில் பக்கத்தில் மேல் லிங்க்குக்கும் கீழ் லிங்க்குக்கும் நடுவே எவ்வளவு உயரம் விட வேண்டும் என்பதற்கு டயர் உயரத்தில் கால் பங்கு என்பது கைக்கணக்கு. 40 அங்குல டயருக்கு 10 அங்குலம். ஆக்ஸிலுக்கு 9,000 நியூட்டன் மீட்டர் முறுக்கு வருகிறது, லிங்க்குகளுக்கு இடையே 25 செ.மீ. என்றால் அவற்றின் மேல் விழும் விசை சுமார் 3.7 டன். இடம் போதவில்லை என்று 15 செ.மீ. ஆக்கினால் அதுவே 6 டன்னுக்கு மேல். பிராக்கெட் கிழிகிற பல வண்டிகளில் தகட்டின் மீது குற்றமில்லை, இந்த உயரத்தில்தான். கீழ் லிங்க்குக்கு 2 அங்குல விட்டம், கால் அங்குலச் சுவர் கொண்ட டி.ஓ.எம். குழாய் வேண்டும்; பாறையில் உட்காருவது அதுதான். லிங்க் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சில் முழு இறுக்கம் கொடுக்காமல் விட்டால் பிராக்கெட் தகட்டின் துளை ஒன்றிரண்டு பயணத்தில் முட்டை வடிவமாகிவிடும்.

ஸ்பிரிங்கைப் பொருத்துவதற்கு முன், அது இல்லாமலேயே ஆக்ஸிலை ஜாக்கியில் வைத்து முழுக்க மேலே தூக்கியும், ஒரு பக்கம் மேலே மறுபக்கம் கீழே என்று சாய்த்தும் பார்த்தாக வேண்டும். டயரையும் மாட்டி இரு பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். டிஃபரென்ஷியல் ஆயில் சம்பில் இடிக்கிறதா, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் கழன்றுவிடும் அளவுக்கு நீள்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். டி.ஜே.யின் சக்கர இடைவெளி வெறும் 93.4 அங்குலம். 40 அங்குல டயர் பின்னால் போய் ஃபயர்வாலில் உரசும். முன் ஆக்ஸிலை 3, 4 அங்குலம் முன்னுக்கும் பின் ஆக்ஸிலை இன்னும் அதிகமாகப் பின்னுக்கும் தள்ளி 103–105 அங்குலம் ஆக்குவார்கள். ஏற்றத்தில் முன்பக்கம் தூக்கிக் கவிழும் பயமும் அதோடு குறையும்.

திருப்புவதும் நிறுத்துவதும்

பானார்டு ராடும், ஸ்டீயரிங் பாக்ஸை நக்கிளோடு இணைக்கும் டிராக் லிங்க்கும் ஒரே நீளத்தில், ஒன்றுக்கொன்று இணையாக ஓட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்டீயரிங் தானே திரும்பும். 40 அங்குல டயரைப் பாறைக்குள் திருப்ப ஜீப்பின் ஸ்டீயரிங் பாக்ஸுக்குத் தனியாகத் தெம்பு போதாது. இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராடில் ஒரு ஹைட்ராலிக் ராம் சேர்ப்பதே முறை. பாக்ஸையே தூக்கிவிட்டு முழு ஹைட்ராலிக் வைப்பவர்களும் உண்டு. ஹோஸ் வெடித்தால் கையில் வெறும் ஸ்டீயரிங் வீல்தான் மிஞ்சும். பொது ரோட்டுக்கு அது வேண்டாம்.

பிரேக்கில் பலர் சறுக்குவது மாஸ்டர் சிலிண்டரில். லாரியின் பெரிய காலிப்பர்களை நிரப்ப ஜீப்பின் மாஸ்டர் சிலிண்டர் தள்ளும் ஆயில் போதாமல் பெடல் தரைவரை போகும். காற்று இருக்கிறது என்று நினைத்து நாள் முழுக்க பிளீடு செய்துகொண்டிருப்பார்கள். சிலிண்டரின் உள்விட்டத்தை ஒரு அங்குலத்திலிருந்து ஒன்றேகால், அதற்கும் மேல் என்று கண்டபடி ஏற்றவும் கூடாது. 1 அங்குலத்தை 1⅛ ஆக்கினால் தள்ளும் ஆயில் 27 சதவீதம் கூடும். ஆனால் அதே கால் பலத்துக்கு அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். டயரின் ஆரமும் மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. பெரிய பூஸ்டரும் கூடவே வேண்டும் என்பது இதனால்தான்.

கிங்பின் ஆக்ஸில் எடுத்தவர்களுக்கு ஒரு கூடுதல் வேலை. மேல் கிங்பின்னின் இறுக்கம் 500 முதல் 600 அடி பவுண்டு, நம் கணக்கில் 680 முதல் 815 நியூட்டன் மீட்டர். சாதாரண டார்க் ரெஞ்ச் அவ்வளவு தூரம் காட்டாது. ஒன்றரை மீட்டர் பைப்பின் முனையில் 48 கிலோ எடை கொடுத்தால் சுமார் 700 வரும். ஹவுசிங்கைத் தரையோடு கட்டிவைத்துவிட்டுச் செய்வது நல்லது.

ஆயில் விஷயத்தில் இரண்டு குறிப்பு. பினியனை மேல்நோக்கித் திருப்பிய ஆக்ஸிலில் பழைய துளை அளவுக்கு ஆயில் ஊற்றினால் பினியனின் வெளி பேரிங்குக்கு ஆயில் எட்டாமல் கருகும். துளையை மேலே மாற்றியோ கூடுதலாக ஊற்றியோ சரிசெய்ய வேண்டும். ஆக்ஸிலுக்குள் காற்று போய்வரும் பிரீதர் குழாயை ஹூட்டுக்கு அடியில் உயரமாகக் கொண்டுபோக வேண்டும். சூடான ஆக்ஸில் ஓடைத் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அடுத்த முறை திறந்தால் கியர் ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் இருக்கும்.

இந்தியாவில் இருந்து படிக்கிறவர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் கொடுத்த விவரக்குறிப்பிலிருந்து வண்டி மாறக்கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் ஜனவரி 2019-இல் கேரள வழக்கு ஒன்றில் இதை உறுதிசெய்தது. மேலே சொன்ன அளவு மாற்றம் இங்கே பொது ரோட்டுக்கானதல்ல. தனியார் நிலத்திலும் போட்டிக் களத்திலும் ஓட்ட, லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

ஃபியூஸ் எங்கே?

பழைய கிங்பின் டேனா 60-இன் உள்தண்டு 35 ஸ்ப்ளைன், நக்கிளுக்கு வெளியே இருக்கும் குட்டைத் தண்டு 30 ஸ்ப்ளைன். 38 மி.மீ.க்கு எதிரே 33 மி.மீ.; வலிமை மூன்றில் இரண்டு பங்கு. இரண்டையும் சேர்க்கும் கிராஸ் ஜாயிண்ட் 35 டிகிரி திரும்பிய நிலையில் சுற்றும்போது, ஒரு சுற்றுக்குள்ளேயே முறுக்கு 0.82 மடங்குக்கும் 1.22 மடங்குக்கும் இடையே ஏறி இறங்கும். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பிக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை மிதிப்பவருக்கு முன்பக்கம் உடைவது இதனால்தான். கிராஸின் கப் ஒன்று கிளிப்பை உதைத்து வெளியேறும், யோக்கின் காது விரியும், பிறகு தண்டு. கப்புகளைச் சிறு புள்ளி வெல்டு வைத்துப் பிடித்துவைப்பது வழக்கம்.

உடனே 4340 குரோமோலி எஃகில் 35 ஸ்ப்ளைன் குட்டைத் தண்டு வாங்கிப் போட்டுவிடலாம்தான். போட்டால் அடுத்த பலவீனம், தண்டைச் சக்கரத்தோடு பூட்டும் லாக்கிங் ஹப்புக்குப் போகும். ஹப்பையும் வலுவாக்கினால் கிரவுன்–பினியனுக்கு. குட்டைத் தண்டையும் கிராஸையும் பாறை மேலேயே, ஹப் சாக்கெட்டும் சுத்தியும் இருந்தால், ஒரு மணி நேரத்தில் மாற்றலாம். கிரவுன் வீலின் பல் போனால் டயல் கேஜும் பிரஸ்ஸும் காட்டில் கிடைக்காது. பல்லின் துண்டுகள் கேரியர் பேரிங்கையும் தின்றிருக்கும். அதனால் 4 லிட்டர் எஞ்சினோடு ஓடும் ஜீப்புக்கு 30 ஸ்ப்ளைன் குட்டைத் தண்டை அப்படியே விட்டுவைப்பது தப்பில்லை. எஞ்சினை வி-8-ஆக மாற்றியவர் கணக்கைத் திரும்பப் போட வேண்டும்.

புது கிரவுன்–பினியனை முதல் நாள் 25 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி முழுக்க ஆறவிட வேண்டும். 800 கிலோமீட்டரில் ஆயிலை இறக்கி, காந்தத்தில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மாவு போன்ற துகள் என்றால் சரி. நகம் அளவு துண்டு என்றால் கவரைத் திறக்க வேண்டியதுதான். லிங்க் போல்ட், கிங்பின் தொப்பி, வீல் நட் எல்லாம் அதே நாளில் திரும்ப இறுக்கம் பார்க்கப்படும். கருவிப் பெட்டியில் இரண்டு குட்டைத் தண்டு, கப்போடு இரண்டு கிராஸ், ஒரு லாக்கிங் ஹப், ஸ்பிண்டில் நட் சாக்கெட், ஒரு லிட்டர் கியர் ஆயில். பின்பக்கத்துக்கு ஒரே ஒரு தண்டு போதுமா என்பது நீளத்தைப் பொறுத்தது: 14 போல்ட்டில் இடப்பக்கத் தண்டும் வலப்பக்கத் தண்டும் ஒரே நீளமா என்று கிளம்புமுன் அளந்து பார்த்துவிட்டு, வேறென்றால் நீளமானதையும் குட்டையானதையும் சேர்த்தே கட்டிவைத்துக்கொள்வார்கள்.